காபி மெஷின் வாங்கப் போன நாள்

காபி விஷயத்தில் ரோசம்மாள் யாரோடும் ராஜிக்கு வரமாட்டாள். பாலக்கரையில் அவள் குடியிருந்த தெரு முழுக்க இது தெரிந்த சங்கதி. கடையில் அரைத்த தூளை வாசலுக்குள் விடமாட்டாள். சிக்கரி என்ற பேரைச் சொன்னாலே முகம் கோணிக்கொள்ளும். பச்சைக்கொட்டையாக வாங்கி, இரும்புச் சட்டியில் தானே வறுத்து, ஆறவிட்டு, அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கு அரைத்தால்தான் அது காபி. மற்றதெல்லாம் கஷாயம். இப்படிப்பட்டவளுடைய பழைய மெஷின் பல் தேய்ந்துபோய், பாதியை மாவாகவும் பாதியை ரவையாகவும் தள்ள ஆரம்பித்தால் வீடு எப்படி இருக்கும்? ஒரு மாதமாக அவள் யாரிடமும் முகங்கொடுத்துப் பேசவில்லை.

அவள் கணவர் சகாயநாதன் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. சாது. ஊரே அப்படிச் சொன்னதால் அவரும் அப்படியே இருந்துவிட்டார். காபியைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் எதுவும் கிடையாது என்றுதான் ரோசம்மாள் நினைத்திருந்தாள். கெட்டியாகக் கொடுத்தாலும் "நல்லாருக்கு", இரண்டாம் டிகாக்‌ஷனில் கலந்து கொடுத்தாலும் "நல்லாருக்கு". கல்யாணமான நாளிலிருந்து மெஷின் கைப்பிடியை அவர் ஒரு சுற்றுச் சுற்றி அவள் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மாதா கோவில் சங்கத்துக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தால் அந்த "நல்லாருக்கு"கூடக் கிடையாது. "சங்கத்துலயே காபி குடுத்துட்டாங்க" என்று சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். பாவம், சங்கத்தில் என்ன கண்றாவியைக் கொடுத்தார்களோ என்று அவளுக்குத்தான் மனசு கேட்காது.

இப்படி ஒரு ரசனையில்லாத மனுஷரோடு அவள் சந்தோஷமாகவே குடித்தனம் செய்தாள். அதற்குக் காரணம் இருந்தது.

சகாயநாதனின் அண்ணன் அற்புதசாமிக்கு ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் வேலை, ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. அவருடைய கடைசிப் பெண்ணின் ஞானஸ்நான விருந்து அங்கே நடந்தபோது குழந்தையின் கழுத்துச் சங்கிலி காணாமல் போயிற்று. குழந்தையைக் குளிப்பாட்டிச் சட்டை போட்டுவிட்டவள் ரோசம்மாள். அண்ணன் மனைவி வியாகுலம்மாள் நேராக எதுவும் கேட்கவில்லை. "எல்லார் பெட்டியையும் பாத்துடலாம்" என்றாள். பார்த்ததென்னவோ ரோசம்மாளின் பெட்டியை மட்டும்தான். அத்தனை சொந்தக்காரர்களுக்கு முன்னால் அவளுடைய உள்பாவாடை முதற்கொண்டு எடுத்துப் பாயில் போட்டார்கள். சங்கிலி கிடைக்கவில்லை, அதற்கப்புறமும் கிடைக்கவில்லை. "வெளியில யார்கிட்டயாவது குடுத்தனுப்பியிருப்பா" என்று ஒருத்தி முணுமுணுத்தது காதில் விழுந்தது. அப்போதுதான் அந்தச் சாது, போட்ட இலைக்கு முன்னாலிருந்து எழுந்தார். "இனிமே இந்த வீட்ல நான் கை நனைக்கமாட்டேன்" என்றார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பந்தலைவிட்டு வெளியே வந்துவிட்டார்.

கை நனைக்காத வீடு என்றால் உறவு அறுந்த வீடு. கூடப்பிறந்த அண்ணனை ஒரு மனுஷன் தன் மனைவிக்காக அறுத்துக்கொண்டு வருவது எங்கே நடக்கிறது? தெருவில் நாலு பெண்கள் சேர்ந்து புருஷன்மாரைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டால் ரோசம்மாள் இந்தக் கதையை எடுத்துவிடுவாள். திருடி என்று பேர் வாங்கிய வீட்டிலிருந்து தலைநிமிர்ந்து வெளியே வந்தவள் அவள். புருஷன் சொன்ன அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் எட்டு வருஷம் ஓட்டியிருந்தாள்.

கோடை லீவில் பிள்ளைகள் லால்குடிக்குத் தாத்தா வீட்டுக்குப் போயிருந்த சமயம். ஒரு சனிக்கிழமை காலையில் புருஷனும் பெண்டாட்டியுமாகப் பெரிய கடைவீதிக்குக் கிளம்பினார்கள். ரோசம்மாள் புதிதாக வறுத்த கொட்டையில் ஒரு பிடியைக் கைக்குட்டை முனையில் முடிந்து எடுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை பார்க்கிறபோதே இத்தனை முன்யோசனை அவள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை.

ஷேக் தாவூது பாயின் பாத்திரக் கடையில் இரண்டே இரண்டு மெஷின்கள் இருந்தன. வெளிநாட்டுச் சாமான் வரத்து சுருங்கிப்போன காலம் அது. "இது ரெண்டுதாம்மா மிச்சம். இது போச்சுன்னா நீங்க கேட்டாலும் என்கிட்ட இல்லை" என்று பாய் இரண்டையும் துணியால் துடைத்து எதிரே வைத்தார். ஒன்று இங்கிலீஷ் மெஷின். கறுப்பு வார்ப்பிரும்பு; மேஜை ஓரத்தில் திருகிக்கொள்ள வேண்டும்; மேலே கொட்டையைப் போடக் கிண்ணம். இன்னொன்று ஜெர்மன். மரப்பெட்டி, உச்சியில் பித்தளைக் குமிழ், கீழே தூள் விழுவதற்குச் சின்ன டிராயர். பார்க்க நகைப்பெட்டி மாதிரி இருந்தது.

ரோசம்மாள் முதலில் இங்கிலீஷ் மெஷினுக்குத்தான் போனாள். முடிச்சை அவிழ்த்துப் பாதிக் கொட்டையைப் போட்டுச் சுற்றினாள். கைக்கு இதமாகச் சுற்றியது. தூளை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தாள். ஓரளவு சீர்தான், ஆனால் நடுநடுவே ஒரு குறுணை நெருடியது. கடைக்காரர் மிச்சக் கொட்டையில் கொஞ்சத்தை ஜெர்மன் மெஷினில் போட்டுக் கல்லாமேஜை மேலேயே வைத்துச் சுற்றினார். பெட்டி ஆடியது, நகர்ந்தது, கொட்டை தெறித்தது. டிராயரைத் திறந்தால் நொய்தான் இருந்தது.

"என்ன பாய் இது, குறுணையில்ல குத்தியிருக்கீங்க?" என்றாள் ரோசம்மாள்.

"அழகுக்குத்தாம்மா இது. வாங்கிட்டுப் போனவங்க யாரும் அரைச்சதா எனக்குத் தெரியலை" என்று பாய் சிரித்தார்.

"அப்ப இங்கிலீஷே கட்டுங்க."

"இரு ரோசா, இப்படிக் குடு" என்றார் சகாயநாதன்.

அதுவரைக்கும் அவர் சுவரில் தொங்கிய தூக்குவாளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். இப்போது முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஜெர்மன் மெஷினை வாங்கி இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார். "மேஜையில வெச்சா ஆடத்தான் செய்யும் பாய். இதை இப்படித்தான் பிடிக்கணும்" என்றார். கைப்பிடிக்குக் கீழே விரலைவிட்டு ஒரு திருகைத் தளர்த்தினார், அரைச் சுற்று இறுக்கினார், கைப்பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு நூல் இறுக்கினார். கொட்டையைப் போட்டுக் குமிழை மூடி, அவசரமே இல்லாமல் ஒரே சீராகச் சுற்றினார். சுற்றி முடித்ததும் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டினார். "இப்படித் தட்டலைன்னா கொஞ்சம் உள்ளயே ஒட்டிக்கும்."

டிராயரை இழுத்து ரோசம்மாளிடம் நீட்டினார். அவள் தூளை எடுத்துத் தேய்த்தாள். ஒரு குறுணை இல்லை. அவ்வளவு ஒழுங்கான தூளை அவள் தன் வீட்டில் அரைத்ததே இல்லை. வாசனை கடை முழுக்கப் பரவியது.

"சபாஷ்! சார் வீட்ல இந்த மாடல் இருக்கா?" என்றார் பாய்.

"நம்ம அண்ணன் வீட்ல இருக்கே, இதே அச்சு. போன வருஷம் ஒரு ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு ஆஸ்திரேலியாவுக்குப் போறப்ப வித்துட்டுப் போனாரு. அண்ணிக்கு மூட்டுவலி, உக்காந்து சுத்த முடியாது. அதனால நான் போனா நான்தான்…"

அங்கே அவர் நிறுத்திக்கொண்டார். நிறுத்தி என்ன பிரயோஜனம்? மனுஷன் பெருமையில் இருக்கும்போதுதான் உண்மை வாயில் வரும்.

ரோசம்மாள் டிராயரைக் கவனமாக மேஜைமேல் வைத்தாள். போன வருஷம். நம்ம அண்ணன். நான் போனா நான்தான். ஞாயிற்றுக்கிழமைச் சங்கத்துக் காபி எங்கே ஊற்றப்பட்டது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. எட்டு வருஷமாக அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுக்காத கை, அவள் பெட்டியைக் கிளறிப் போட்டவளின் மூட்டுவலிக்கு இரங்கிக் காபிக்கொட்டை அரைத்துக் கொடுத்திருக்கிறது.

"அப்புறம் வரோம் பாய்" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். பாய் இரண்டு மெஷின்களுக்கும் நடுவே திகைத்துப்போய் நின்றார்.

கடைவீதிக் கும்பலில் சகாயநாதன் அவள் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாக வந்தார். "ரோசா, நில்லு. சொல்றதைக் கேளு."

"எத்தனை வருஷமா போறீங்க?"

"அது… ஆச்சு, அஞ்சாறு வருஷம். அண்ணனுக்கு உடம்பு முடியாமப் போச்சே, அப்பப் பாக்கப் போனேன். அதோட…"

"இனிமே கை நனைக்கமாட்டேன்னு சொன்னீங்க. அத்தனை பேருக்கு முன்னால சொன்னீங்க."

"நனைக்கலையே!" என்றார் அவர், நல்ல பதில் கிடைத்துவிட்ட முகத்தோடு. "மாதா மேல ஆணையா சொல்றேன், அந்த வீட்ல ஒரு வாய் சோறு சாப்பிட்டதில்ல. இலையில உக்காந்ததில்ல. அண்ணி எவ்வளவோ சொல்லியும் கேக்கலை. காபி மட்டும்தான் குடிச்சேன். காபி குடிச்சா கை எங்க நனையுது?"

ரோசம்மாள் நடுத்தெருவில் நின்று அவரைப் பார்த்தாள். அவர் விளையாடவில்லை. டம்ளரைத் தூக்கி அண்ணாந்து குடித்தால் கை ஈரமாவதில்லை. ஆகவே சத்தியம் பத்திரமாக இருக்கிறது. அஞ்சாறு வருஷமாக இந்தக் கணக்கை மனசுக்குள் போட்டுப் போட்டு அவர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். அவளுக்கு ஒரு கணம் சிரிப்புகூட வந்தது.

"சரி, போனீங்க. குடிச்சீங்க. என் பேர்ல போட்ட பழி என்னாச்சு? அதைப் பத்தி ஒரு பேச்சு இல்லாமயா அங்க போய் உக்காந்தீங்க?"

"அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு ரோசா. மன்னிப்பெல்லாம் கேட்டாச்சு. பழசை யாரும் இப்பப் பேசறதில்ல."

"கேட்டாச்சா?"

"கேட்டாச்சு, கேட்டாச்சு" என்றார் அவர், ஒரு மாட்டுவண்டிக்கு வழிவிட்டபடி.

அந்த ஒரு வார்த்தையில் அவள் கோபம் பாதி இறங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டாச்சு. வியாகுலம்மாள் அக்கா மன்னிப்புக் கேட்டிருக்கிறாள்! அப்படியென்றால் இந்த மனுஷன் வெறுமனே போய்க் குடித்துவிட்டு வரவில்லை. அவளுக்காகப் பேசியிருக்கிறார், அவர்களைக் கேட்க வைத்திருக்கிறார். பொய் சொன்னார்தான். மறைத்தார்தான். அதை வீட்டுக்குப் போய்த் தனியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் தன் பேர் சுத்தமாகிவிட்ட செய்தியை இத்தனை வருஷம் தன்னிடமிருந்தே ஒளித்து வைப்பார்களா? என்ன பிறவி!

"அப்ப நானும் வரேன்" என்றாள். "இப்பவே. அக்கா வாயாலயே அதை நான் கேக்கணும்."

சகாயநாதனுக்கு வேர்த்துவிட்டது. "இன்னிக்கா? அண்ணன் டூட்டியில இருப்பாரு. சொல்லாமக்கொள்ளாம எப்படி… அடுத்த வாரம் நானே கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க சொல்லிக்கிட்டாப் போனீங்க?"

ஸ்ரீரங்கம் பஸ் வந்து நின்றது. அவள் ஏறிவிட்டாள். வேறு வழியில்லாமல் அவரும் ஏறினார். முன்னால் பெண்கள் ஸீட்டில் அவளுக்கு இடம் கிடைத்தது. அவர் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காவேரிப் பாலத்தில் ஏறும்போது அனல் அடித்தது. ஆற்றில் மணல்தான் தெரிந்தது, நடுவில் நாலு இடத்தில் தண்ணீர். அவள் எதையும் பார்க்கவில்லை. அக்கா அழுதால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். "விடுங்கக்கா, யார் வீட்லதான் நடக்கலை" என்று சொல்லலாம். உடனே சொல்லக் கூடாது. கொஞ்ச நேரம் அழட்டும், எட்டு வருஷம் நான் அழுதிருக்கிறேன். அப்புறம் சொல்லலாம். மன்னித்துவிட வேண்டும் என்று அவள் பாலத்தின் மேலேயே முடிவு செய்துவிட்டாள். சொல்லப்போனால் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

குவார்ட்டர்ஸில் அற்புதசாமி வீட்டில்தான் இருந்தார். ராத்திரி டூட்டி முடிந்து பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாசலில் யார் என்று எட்டிப் பார்த்த வியாகுலம்மாள், "சேசுவே!" என்று கூவிவிட்டாள். மூட்டுவலிக் காலை இழுத்துக்கொண்டு வந்து ரோசம்மாளைக் கட்டிக்கொண்டாள்.

"வந்துட்டியா ரோசா! என் வாசப்படி மிதிக்க உனக்கு இத்தனை வருஷமாச்சா? உள்ள வா, உக்காரு."

அவள் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து ரோசம்மாளுக்கும் கண் கலங்கிவிட்டது. எட்டு வருஷத்துக் கோபம் இவ்வளவு சுலபமாகக் கரையுமா என்று அவளுக்கே ஆச்சரியம். கொஞ்ச நேரம் அழவிடலாம் என்ற எண்ணமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"விடுங்கக்கா…" என்று ஆரம்பித்தாள்.

"நான் எப்பவோ விட்டுட்டேன்டி. அன்னிக்கே உன்னை மன்னிச்சுட்டேன். அப்பவே உன் புருஷன்கிட்ட சொன்னேன், அவளைக் கூட்டிட்டு வாங்க, நான் ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்னு."

ரோசம்மாளின் கை அக்காவின் தோளிலேயே நின்றது. "என்னை மன்னிச்சீங்களா?"

"பின்ன? கொழுந்தனார் வந்து இந்தா, இதே நாற்காலியில உக்காந்து அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரே. ஏதோ புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டா அண்ணி, நான் அவளுக்காக மன்னிப்புக் கேக்கறேன், அவகிட்ட மட்டும் எதுவும் கேட்டுடாதீங்க, மானஸ்தி, நாண்டுக்கிட்டுச் செத்துடுவான்னாரு. கல்லும் கரைஞ்சிடும். நான் மட்டும் என்ன, மனுஷி இல்லையா?"

கேட்டாச்சு என்ற வார்த்தையில் யார் கேட்டது என்று இல்லை. யாரை வேண்டுமானாலும் அதில் உட்கார வைத்துக்கொள்ளலாம். ரோசம்மாள் தனக்குப் பிடித்த ஆளை உட்கார வைத்துக்கொண்டு காவேரியைத் தாண்டி வந்திருந்தாள்.

அவள் திரும்பினாள். சகாயநாதன் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றிருந்தார்.

"நான் எடுக்கலை" என்றாள் ரோசம்மாள். இன்னொரு தடவை சொன்னாள். "அக்கா, அந்தச் சங்கிலியை நான் எடுக்கலை. என் பிள்ளைங்க மேல சத்தியம்."

"சத்தியமெல்லாம் எதுக்கும்மா?" என்றார் அற்புதசாமி, பேப்பரை மடித்துக்கொண்டே. நல்ல மனுஷர், குரலில் ஒரு கடுகடுப்பு இல்லை. "போனது போகட்டும். யாரு உன்னைக் கேட்டா?"

"சரிடி, நீ எடுக்கலை" என்று வியாகுலம்மாள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். காய்ச்சல் பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற குரல். இந்தக் குரலோடு சண்டை போட முடியாது. அன்றைக்குப் பெட்டியைக் கிளறியபோதாவது சங்கிலி அதில் இல்லை என்பது அத்தனை பேருக்கும் தெரிந்தது. இன்றைக்கு எதைக் கொட்டிக் காட்டுவது? கட்டின புருஷனே ஒப்புக்கொண்ட பிறகு அவள் சொல்கிற எதற்கும் இங்கே விலை கிடையாது.

ரோசம்மாள் நிலைப்படிக்குப் போய் அவர் எதிரே நின்றாள்.

"உள்ள வாங்க. வந்து சொல்லுங்க. அண்ணன் வீட்டுக்கு வந்து போகணும், அதுக்காகப் பொய் சொன்னேன்னு சொல்லுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்கமாட்டேன். என் பெண்டாட்டி எடுக்கலைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டேஷனில் ஏதோ ஒரு கூட்ஸ் வண்டி நகர ஆரம்பித்து, வீட்டுக்குள் பாத்திரங்கள் லேசாக அதிர்ந்தன. அவர் அது முழுக்கப் போய் முடியட்டும் என்று காத்திருப்பவர்போல நின்றார். அந்த நிற்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இதுவரை அவளுக்குத் தோன்றாத ஒரு கேள்வி வந்தது.

"ஏங்க," என்றாள் மெதுவாக. "நீங்க என்ன நினைச்சீங்க? அன்னிக்கு, பந்தல்ல எந்திரிச்சீங்களே, அப்ப. நான் எடுத்திருப்பேன்னா நினைச்சீங்க?"

சகாயநாதன் நிமிர்ந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அவரால் முடிந்த அளவுக்கு அன்பாகத்தான் சொன்னார்.

"எடுத்திருந்தாத்தான் என்ன ரோசா? நான் உன்னை விட்டுடலையே."

வியாகுலம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டியா? இப்படி ஒரு புருஷன் யாருக்குடி வாய்ப்பான்?" என்றாள்.

ரோசம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழக் கூடாது, அழுதால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று தெரிந்தது. ஆனாலும் அழுகை வந்துவிட்டது. அடக்க முடியாமல் வாய்விட்டு அழுதாள். அற்புதசாமி எழுந்து உள்ளே போனார். வியாகுலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அழுதுடு ரோசா," என்றாள், உண்மையான இரக்கத்தோடு. "மனசுல வெச்சுக்கிட்டு எத்தனை வருஷம் கஷ்டப்பட்டியோ. எல்லாத்தையும் இன்னிக்கே அழுது தீத்துடு."